6 எண்ணெய் லேபிள், ஒரு பழைய லை: எழுத்துரு மாற்றிய 11 நாள்

நேற்று சாயங்காலம் வாலாஜாவிலிருந்து போன் வந்தது. புது லேபிள் ஒட்டின முதல் 40 பெட்டி சென்னைக்கு லாரி ஏறிவிட்டதாம். 11 நாளாக ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்த வேலை. படம், நிறம், அளவு எல்லாம் அப்படியே இருக்க, 6 லேபிளிலும் எழுத்துருவை (ஃபான்ட்) மட்டும் மாற்றினேன். அதற்கு ஏன் 11 நாள் ஆனது, எங்கெங்கே தப்பாகப் போனேன், என்ன செலவு என்பதையெல்லாம் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். டிடிபி கடை வைத்திருக்கிற யாருக்காவது உதவும்.

எனக்கு வேலூர் சத்துவாச்சாரியில் சின்ன டிடிபி கடை, அச்சுக்குப் போவதைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்துத் தருவது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர். கல்யாணப் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ், காது குத்து பேனர், லேபிள் என்று வருகிற வேலையைச் செய்வேன். அச்சு வெளியில்தான், ஆஃப்செட்டில் ஃபைல் கொடுத்துவிடுவேன். வாலாஜாவில் மரச்செக்கு வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்கு 3 வருடமாக லேபிள் செய்து தருகிறேன். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், ஒவ்வொன்றிலும் அரை லிட்டர், ஒரு லிட்டர், ஆக 6 லேபிள். இந்த வருடம் சென்னையில் ஒரு பெரிய கடையில் சரக்கு வைக்கப் பேசி முடித்திருந்தார். அங்கே கொடுத்த படிவத்தை என்னிடம் கொண்டுவந்து, “இதுல ஒரு கையெழுத்து போட்டுக் குடும்மா, டிசைன் பண்ணவங்க போடணுமாம்” என்றார். லேபிளில் உள்ள படம், எழுத்துரு எல்லாவற்றுக்கும் வணிகப் பயன்பாட்டு உரிமம் இருக்கிறது என்று ஒரு வரி. அதன் கீழே எனக்கான கோடு.

பேனாவைக் கையில் எடுத்தபிறகுதான் யோசித்தேன். லேபிளில் இரண்டு எழுத்துரு. ஆங்கிலத்தில் பெயர் எழுதியிருப்பது கையெழுத்து மாதிரி ஓடும் ஒரு எழுத்து, அதை இலவசம் என்று போட்டிருந்த ஒரு தளத்தில் இறக்கியிருந்தேன். தமிழ் எழுத்து, வெகு காலம் முன்பு நண்பர் கொடுத்த ஒரு சிடியிலிருந்து வந்தது. அந்த சிடி யாருடையது என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. “அண்ணா, ரெண்டு நாள் டைம் குடுங்க, பார்த்துட்டுப் போடறேன்” என்று சொல்லிப் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு ராத்திரி முதல் வேலையாக அந்த ஆங்கில எழுத்துருவின் ஜிப் ஃபைலைத் தேடி எடுத்துத் திறந்தேன். உள்ளே ஒரு டெக்ஸ்ட் ஃபைல், 3 வருடமாக நான் திறக்காதது. சொந்த உபயோகத்துக்கு மட்டும் இலவசம், வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் உரிமம் வாங்க வேண்டும், தொடர்புக்கு இந்த முகவரி என்று 4 வரி. இறக்குவது இலவசம் என்பதை எல்லாவற்றுக்கும் இலவசம் என்று நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கர்வ் பண்ணிவிட்டால், அதாவது எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றிவிட்டால், அப்புறம் எழுத்துருவே இல்லையே, படம்தானே என்று நம் தொழிலில் ஒரு பேச்சு உண்டு, நானும் அதை நம்பித்தான் இருந்தேன். ஆனால் கர்வ் பண்ணுவதற்கு முன்னால் அந்த எழுத்தைத் தட்டி வரவைத்தது அந்த ஃபைலைக் கொண்டுதான். உரிமம் கேட்பது அந்த உபயோகத்தைப் பற்றி. கடைசியில் அது கோடாக மாறினாலும் கணக்கு மாறாது.

சரி, இந்த ஒரு லேபிளோடு முடியுமா என்று கம்ப்யூட்டரில் இருந்த மொத்த எழுத்துருவையும் பார்த்தேன். 1,312 ஃபைல். பார்க்கும் வழி சுலபம்தான்: ஃபைலில் ரைட் கிளிக், பிராபர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ், அங்கே காப்புரிமை வரி வரும். அது போதவில்லை என்றால் ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற இலவச மென்பொருளில் திறந்து, எலிமென்ட் மெனுவில் ஃபான்ட் இன்ஃபோ, அதில் டிடிஎஃப் நேம்ஸ். உரிமம் என்ன, அதன் முழு வாசகம் எந்த முகவரியில் இருக்கிறது என்று ஃபைலுக்குள்ளேயே எழுதியிருக்கும், எழுதியிருந்தால். மூன்று ராத்திரி போனது. விண்டோஸோடும் காசு கொடுத்து வாங்கின மென்பொருளோடும் வந்தவை 270. திறந்த உரிமம், அதாவது வியாபாரத்துக்கும் இலவசம் என்று தெளிவாக எழுதியிருந்தவை 64. சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்றவை 188. மீதி 790-இல் ஒரு வரி கூட இல்லை, அல்லது யாரோ பெயரை அழித்து மறுபடி ஏற்றியவை. அந்த 790-ஐ வைத்து எத்தனை பத்திரிகை அடித்திருப்பேன் என்று நினைத்தபோது அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

அப்பா தோட்டப்பாளையத்தில் ட்ரெடில் அச்சு மெஷின் வைத்திருந்தவர். ஈய எழுத்தைக் கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்குவார்கள், தேய்ந்தால் உருக்கக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்குவார்கள். எழுத்துக்கு விலை உண்டு என்பது அந்த வீட்டில் வளர்ந்த எனக்குத் தெரியாத விஷயமில்லை. கம்ப்யூட்டர் வந்தபிறகு அது கையில் கனக்காததால் மறந்துபோனது. ஒரு தமிழ் எழுத்துரு செய்ய நூற்றுக்கணக்கான வடிவங்களை ஒவ்வொன்றாக வரைய வேண்டும். இந்த 11 நாளில் ஒரே ஒரு எழுத்தை வரைந்து பார்த்ததில் அது எவ்வளவு வேலை என்று விரல் நுனியில் தெரிந்தது, அதைக் கீழே சொல்கிறேன்.

ஆங்கில எழுத்துருவைச் செய்தவருக்கு மெயில் போட்டேன். 3 வருடமாக லேபிளில் பயன்படுத்தியதையும் மறைக்காமல் எழுதினேன். இரண்டாம் நாள் பதில் வந்தது, வணிக உரிமத்துக்கு ஒரு தொகை சொன்னார், நம் பணத்தில் 2,150 ரூபாய். கட்டிவிட்டேன். ரசீதும் உரிமச் சீட்டும் பிடிஎஃப் ஆக வந்தது. அண்ணனிடம் சொன்னபோது, “இன்னாது, எழுத்துக்குக் கூட காசா?” என்றார். “உங்க செக்குல ஆட்டின எண்ணெய வேற ஒருத்தர் பாட்டில்ல ஊத்தி விக்கலாமா அண்ணா?” என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

தமிழ் எழுத்துக்கு அந்த வழி இல்லை. சிடியில் இருந்தது ஏதோ ஒரு பழைய தட்டச்சுத் தொகுப்பின் நகல், யாரிடம் காசு கட்டுவது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. அதை எடுத்துவிட்டு, திறந்த உரிமம் உள்ள ஒன்றை வைப்பது என்று முடிவு செய்தேன். நான் தேடியது எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ், 2007-இல் வந்த 1.1 பதிப்பு. கூகுள் ஃபான்ட்ஸில் இருக்கும் தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலும் இதில்தான் இருக்கின்றன. முழுதாக உட்கார்ந்து படித்தேன், இரண்டு பக்கம் கூட வராது. விற்கிற பொருளுக்குப் பயன்படுத்தலாம், நகல் எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம், உள்ளே திறந்து மாற்றலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விலை வைத்து விற்கக் கூடாது. மாற்றினதை வெளியே கொடுத்தால் அதே உரிமத்தில்தான் கொடுக்க வேண்டும், செய்தவர் தனக்கென்று ஒதுக்கிய பெயர் இருந்தால் அந்தப் பெயரில் கொடுக்கக் கூடாது. அந்த எழுத்தில் அச்சடித்த லேபிளுக்கு இந்த நிபந்தனை எதுவும் ஒட்டாது.

அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்பதுதான் எங்களுக்குப் பெரிய விஷயம். விண்டோஸோடு வரும் நிர்மலா என்ற எழுத்துருவை என் கம்ப்யூட்டரில் வைத்து அச்சுக்கு வடிவமைக்கலாம், ஆனால் அந்த ஃபைலைப் பென்டிரைவில் போட்டு அச்சகத்துக்குக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. அச்சகத்தில் கடைசி நேரத்தில் விலையை மாற்றுவார்கள், தேதி மாற்றுவார்கள், எழுத்துரு ஃபைல் கேட்பார்கள். திறந்த உரிமம் உள்ளதை உரிமச் சீட்டோடு சேர்த்து அப்படியே கொடுத்துவிடலாம்.

5 எழுத்துரு எடுத்தேன். நோட்டோ சான்ஸ் தமிழ், காட்டமரான், ஹிந்த் மதுரை, முக்த மலர், அனேக் தமிழ். திரையில் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்று அனுபவம் உண்டு, அதனால் ஒரே வாசகத்தை 5-இலும் போட்டு 12×18 ஸ்டிக்கர் ஷீட்டில் டிஜிட்டல் பிரிண்ட் எடுத்தேன். வாசகம் முக்கியம். எண்ணெய், தயாரிப்பு, நல்லெண்ணெய், ஸ்ரீ, க்ஷ, ஜூ, ஹூ, ஙௌ, ஞெ, ணை, கூழ், ஃ, கூடவே ரூபாய் குறி, எண்கள், ஒரு இ-மெயில் முகவரி. இந்த வரியை எல்லா எழுத்துருவுக்கும் இனிமேல் போடுவேன், ஏனென்றால் அழகான எழுத்துரு ஒன்றில் ஜூ மட்டும் நொண்டும், வேறொன்றில் ரூபாய் குறியே இருக்காது. 6 ஷீட், ஷீட் 35 ரூபாய், 210.

லேபிளின் பின்பக்கம் கரும்பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து. அதில் 6 பாயின்ட் அளவில் லைட் (மெல்லிய தடிமன்) போட்டதெல்லாம் அடைத்துக்கொண்டது, குறிப்பாக ண, ற, ஊ மூன்றும் பூதக்கண்ணாடி வைத்தாலும் குழி தெரியவில்லை. மீடியம் தடிமன், 6.5 பாயின்ட், வரிக்கு வரி 9.5 பாயின்ட் என்று ஏற்றியபிறகு தெளிவாக வந்தது. 6 பாயின்ட் என்றால் 2.1 மில்லிமீட்டர், ஆனால் அது கட்டத்தின் உயரம், எழுத்தின் உயரமில்லை. எடை, விலை எண்களுக்கு விதிப்படி குறைந்தபட்ச உயரம் உண்டு, அதை மில்லிமீட்டரில்தான் சொல்வார்கள், அச்சான எண்ணின் மேல் ஸ்கேல் வைத்து அளந்துதான் பாயின்ட் அளவை முடிவு செய்ய வேண்டும். எழுத்துரு மாறினால் அதே பாயின்ட்டில் உயரமும் மாறும். இதை நான் முன்பு பார்த்ததே இல்லை, பழைய லேபிளில் என்ன அளவோ அதையே போட்டுக்கொண்டிருந்தேன்.

தலைப்புக்குக் காட்டமரான் எடுத்தேன், பிரியா ரவிச்சந்திரன் வரைந்தது, மெலிசிலிருந்து கனம் வரை 9 தடிமன் இருக்கிறது, தமிழும் ஆங்கிலமும் ஒரே கை வரைந்தது மாதிரி நிற்கிறது. பின்பக்கச் சின்ன எழுத்துக்கு அனேக் தமிழ், மும்பையில் இருக்கும் ஏக் டைப் செய்தது. அதில் அகலத்தையும் குறைத்துக்கொள்ளலாம். அரை லிட்டர் லேபிள் 150க்கு 80 மில்லிமீட்டர்தான், அதில் தமிழில் தயாரிப்பாளர் விலாசம், சேர்பொருள், சேமிக்கும் முறை எல்லாம் அடங்க வேண்டும் என்றால் ஒடுங்கின எழுத்து இல்லாமல் முடியாது. முன்பெல்லாம் எழுத்தைப் பிடித்து அமுக்கி 80 சதவீதம் ஆக்குவேன், நிற்கும் கோடெல்லாம் மெலிந்துபோய் அசிங்கமாக இருக்கும். ஒடுக்கமாகவே வரையப்பட்ட எழுத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது பழசைத் திரும்பிப் பார்க்க மனசு வரவில்லை.

ஐந்தாம் நாள் வாசகத்தை மாற்றும் வேலை. பழைய எழுத்துரு யூனிகோடு (இப்போது எல்லாக் கம்ப்யூட்டரும் படிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) இல்லை, ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தது. அதில் எழுதியதைப் புது எழுத்துருவுக்கு மாற்றினால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். எழுத்தை மாற்றித் தரும் மென்பொருள் ஒன்றில் போட்டு யூனிகோடு ஆக்கினேன். இரண்டு தப்பு. மொத்தத்தையும் ஒரே மூச்சில் போட்டதால் இ-மெயில் முகவரியும் ஆங்கிலப் பெயரும் கூடத் தமிழாக மாறி ஏதோ ஒரு புது மொழியில் வந்து நின்றது, அதைக் கையால் திருத்தினேன். தமிழை மட்டும் பிரித்துப் போட்டிருந்தால் அரை மணி நேரம் மிச்சம்.

இரண்டாவது தப்பு கண்ணுக்கே தெரியாதது. பழைய தட்டச்சில் ர் வேண்டும் என்றால் கால் (ா) போட்டு மேலே புள்ளி வைப்போம், ரி வேண்டும் என்றால் கால் போட்டு விசிறி (ி). அச்சில் பார்க்க ஒன்றுதான். மாற்றித் தரும் மென்பொருள் அதை அப்படியே காலாகவும் புள்ளியாகவும் கொடுத்துவிட்டது. எழுத்துப்பிழை பார்க்கலாம் என்று ‘தயாரிப்பு’ என்று தேடினால் ஒன்று கூட இல்லை என்றது, கண் முன்னால் 6 இடத்தில் இருக்கிறது! பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரிந்தது, ர-வின் கீழே இருக்க வேண்டிய சாய்கோடு இல்லை, வெறும் கால். 6 லேபிளிலும் சேர்த்து 61 இடம். தேடி மாற்றுவதில் கால்-புள்ளியை ர் என்றும் கால்-விசிறியை ரி என்றும் மாற்றினேன், ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான். பழைய பத்திரிகை மேட்டர்களை மாற்றுகிறவர்கள் முதலில் இதைத் தேடுங்கள்.

என் டிசைன் மென்பொருள் பழைய பதிப்பு, யூனிகோடு தமிழைப் போட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. ‘எண்ணெய்’ என்பதில் ண-வுக்கு அப்புறம் கொம்பு! புதுப் பதிப்பு வாங்கும் காசு இப்போது இல்லை. அதனால் தலைப்பை இங்க்ஸ்கேப்பிலும், மொத்த லேபிளை ஸ்கிரைபஸ் 1.6-இலும் கட்டினேன், இரண்டும் இலவசம், இரண்டிலும் தமிழ் ஒழுங்காக வருகிறது. பழக ஒரு ராத்திரி. இங்க்ஸ்கேப்பிலிருந்து கொண்டுவந்த கறுப்பு எழுத்து 4 நிறமும் கலந்த கறுப்பாக வந்து உட்கார்ந்திருந்தது, அப்படியே அச்சு பிளேட்டுக்குப் போயிருந்தால், ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் விழும் இடம் (ரிஜிஸ்ட்ரேஷன்) கொஞ்சம் விலகினாலும் எழுத்தைச் சுற்றிச் சிவப்பும் நீலமும் தெரியும். ஸ்கிரைபஸில் கறுப்பு மட்டும் 100 என்று மாற்றினேன். நல்லவேளை, நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இருந்தது.

அனேக்கில் ஒரு வழி தவறினேன். அகலம், தடிமன் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் இழுத்து மாற்றும் வேரியபிள் ஃபைலை முதலில் போட்டேன். திரையில் ஒடுக்கமாக இருந்தது, பிடிஎஃப் எடுத்ததும் சாதாரண அகலத்துக்குத் திரும்பி, விலாசம் பாதி கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. இறக்கிய ஜிப்பில் ஸ்டாட்டிக் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது, ஒவ்வொரு தடிமனும் அகலமும் தனித்தனி ஃபைல். அதைப் போட்டபின் பிரச்சினை போனது. பிடிஎஃப் எடுத்தவுடன் பிராபர்ட்டீஸில் ஃபான்ட்ஸ் பக்கத்தைத் திறந்து, என்னென்ன பெயர் இருக்கிறது, உள்ளே பதிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன்.

எல்லாம் முடிந்தது என்று ஏழாம் நாள் மாதிரியை வாலாஜாவுக்கு எடுத்துப்போனேன். அண்ணனுக்குப் பிடித்தது. அவருடைய அப்பா, பெரியவர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “லை எங்கம்மா?” என்றார். எனக்குப் புரியவில்லை. கடலையில் லை இருக்கிறதே என்று காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சுவரில் மாட்டியிருந்த பழைய இனாமல் போர்டைக் காட்டினார். பழைய லை, ல-வின் முன்னால் யானைத் துதிக்கை மாதிரி வளைந்து ஒட்டியிருக்கும், 1978-இல் அரசாங்கம் எழுத்தைச் சீர்திருத்தியதற்கு முன்னால் இருந்த வடிவம். சிடியிலிருந்து எடுத்த எழுத்துருவில் அது இருந்தது, அதனால் 3 வருடமாக லேபிளிலும் இருந்தது, நான் கவனித்ததே இல்லை. அவர்கள் கடைப் பெயரிலும் ஒரு லை, சரக்கிலும் ஒரு லை. “அது எங்க அப்பா எழுதவெச்சது” என்றார் பெரியவர். மாற்ற முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதலில் போர்டைப் போனில் படம் எடுத்தேன். கீழே நின்று எடுத்ததால் மேல் பாகம் குறுகி, துதிக்கை கோணலாக வந்தது. மறுநாள் ஏணி போட்டு ஏறி, பட்டர் பேப்பரைப் போர்டின் மேல் ஒட்டி, 2பி பென்சிலால் ஓரத்தை எடுத்தேன். எழுத்தின் உயரம் 112 மில்லிமீட்டர், கோட்டின் கனம் 14, அதாவது எட்டில் ஒரு பங்கு. எழுதின பெயின்டர் பிரஷைத் திருப்பின இடம் கூடத் தெரிந்தது, துதிக்கையின் நுனியில் கோடு கொஞ்சம் பருத்து, உள்ளே சுருளும்போது மெலிகிறது. அதை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து, ஃபான்ட்ஃபோர்ஜில் காட்டமரான் எக்ஸ்ட்ரா போல்டின் ல-வைத் திறந்து, அதன் பக்கத்தில் வரைய ஆரம்பித்தேன். பெயின்டரின் வளைவை அப்படியே எடுத்தால் காட்டமரானோடு ஒட்டவில்லை, வேறு ஊர்க்காரர் மாதிரி தனியாக நின்றது. கனத்தை ல-வின் கனத்துக்குக் கொண்டுவந்து, சுருளை மட்டும் போர்டில் இருந்தபடி விட்டேன். 5 தடவை அழித்து வரைந்தேன்.

அடுத்து அதைத் தட்டினால் வரவைக்க வேண்டும். ல, அப்புறம் ஐகாரக் குறி, இரண்டும் சேர்ந்தால் புது வடிவம் என்று விதி எழுதினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ராத்திரி முழுக்க அதிலேயே போனது. காரணம், நாம் தட்டுவது ல முதலில், குறி பின்னால். ஆனால் இந்த விதிக்கு முறை வருவதற்குள் மென்பொருள் குறியை ல-வுக்கு முன்னால் தூக்கி வைத்துவிடுகிறது. விதியைக் குறி, அப்புறம் ல என்று திருப்பி எழுத வேண்டும். திருப்பினேன், அப்போதும் வரவில்லை! விதியைத் தமிழின் பழைய அடையாளமான டிஏஎம்எல் என்பதன் கீழ் போட்டிருந்தேன், எழுத்துருவில் டிஎம்எல்2 என்ற புது அடையாளமும் இருந்தால் மென்பொருள் அதைத்தான் பார்க்கும். அதன் கீழும் சேர்த்தேன். ராத்திரி 1 மணிக்கு இங்க்ஸ்கேப்பில் ‘கடலை’ என்று தட்டியதும் துதிக்கை வளைந்து வந்து நின்றது. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், எழுப்பிக் காட்டலாமா என்று இருந்தது.

பிரிண்ட் எடுத்தால் சுருளின் உள்குழி அடைத்திருந்தது. எழுத்துக் கட்டம் 1,000 அலகு, அதில் நான் விட்ட இடைவெளி 30. லேபிளில் 16 பாயின்ட்டில் அது 0.17 மில்லிமீட்டர்தான், மை அதை மூடிவிடும். 65 அலகாக அகட்டினேன், 0.37 மில்லிமீட்டர், திறந்துகொண்டது. இந்தச் சுற்றுக்கு 4 ஷீட், அடுத்த சுற்றுக்கு 4, ஆக 280 ரூபாய். மாற்றின எழுத்துருவுக்கு வேறு பெயர் வைத்துவிட்டேன். ஒதுக்கின பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாற்றிவிடுவது நல்லது, நாளைக்கு யாராவது என் துதிக்கையைப் பார்த்துவிட்டு மூல எழுத்துருவில் பிழை என்று நினைக்கக் கூடாது.

இதில் நான் செய்த பெரிய தப்பு என்று பார்த்தால், அவசரம் லேபிளுக்கு என்னும்போது எழுத்துருவுக்குள் போனதுதான். ‘கடலை’ என்ற தலைப்பை இங்க்ஸ்கேப்பில் கோடாக மாற்றி, அங்கேயே துதிக்கையை வரைந்திருந்தால் அரை நாளில் முடிந்திருக்கும். ஆனாலும் வருத்தமில்லை, அவருடைய விலைப் பலகை, பில், பை எல்லாவற்றிலும் இனி தட்டினாலே வரும்.

மேல்விஷாரத்துக்குப் போகும் பாட்டிலுக்கு உருதுவில் ஒரு வரி வேண்டும் என்றார் அண்ணன். நோட்டோ நஸ்தலீக் உருது போட்டேன், அதுவும் அதே உரிமம். நஸ்தலீக் சாய்ந்து இறங்கும் எழுத்து, 8 பாயின்ட்டுக்கு 18 பாயின்ட் உயரம் விட வேண்டியிருந்தது, அதற்குக் குறைத்தால் மேலே உள்ள தமிழ் வரியில் போய் இடித்தது. பக்கத்துச் செருப்புக் கடை பாய் இரண்டு தடவை படித்துப் பார்த்து, ஒரு புள்ளி குறைகிறது என்றார். அது என் தட்டச்சுப் பிழைதான்.

செலவு: ஆங்கில எழுத்துருவின் உரிமம் 2,150, மாதிரி ஷீட் எல்லாம் சேர்த்து 490, 6 லேபிளையும் ஒரே ஷீட்டில் அடுக்கியதால் பிளேட் 4 மட்டும், 720. மொத்தம் 3,360 ரூபாய். நேரம் ஏறக்குறைய 46 மணி. அண்ணனிடம் பிளேட் காசு மட்டும் வாங்கினேன், மற்றது நான் கவனிக்காமல் விட்டதற்கு நான் கொடுக்க வேண்டியது. படிவத்தில் கையெழுத்துப் போட்டேன், கூடவே ஒவ்வொரு எழுத்துருவின் பெயர், செய்தவர், உரிமம், இறக்கிய தேதி என்று ஒரு தாள் இணைத்தேன். அங்கே யாரும் அதைக் கேட்கவில்லை, ஆனாலும் கொடுத்தேன்.

அடுத்த வேலைக்கு மாற்றப் போவது கொஞ்சம் இருக்கிறது. ஒவ்வொரு வேலையின் ஃபோல்டரிலும் உரிமம் என்று ஒரு உள் ஃபோல்டர், எழுத்துருவோடு வந்த டெக்ஸ்ட் ஃபைல் அதற்குள் போக வேண்டும், இறக்கின அன்றைக்கே. எழுத்துருவைச் செய்தவரின் தளம் அல்லது கூகுள் ஃபான்ட்ஸ் தவிர வேறெங்கும் இறக்குவதில்லை. பெரியவர்கள் இருக்கும் வீடு என்றால் முதல் மாதிரியை அவர்களிடம் காட்ட வேண்டும், எல்லாம் முடித்தபிறகு காட்டியதால் ஒரு வாரம் தள்ளித்தான் லை பற்றித் தெரிந்தது. அந்த 790-ஐயும் 188-ஐயும் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துத் தனி டிஸ்கில் வைத்திருக்கிறேன், பழைய ஃபைலைத் திறந்து எது என்று பார்த்து மாற்றுவதற்கு மட்டும். 37 வேலை அப்படி மாற்ற வேண்டியிருக்கிறது. முதலில் குடியாத்தத்துக்குப் போகும் ஒரு திருவிழா நோட்டீஸ், வைகாசிக்குள் வேண்டுமாம்.

துதிக்கை லை ஒன்றுதான் ஆகியிருக்கிறது. ணை, ளை, னை மூன்றும் பாக்கி, அப்புறம் பழைய ணா, றா, னா. அவை முடிந்தால் அதே திறந்த உரிமத்தில் வெளியே கொடுத்துவிடுவேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வட ஆற்காடு பக்கம் 1978-க்கு முந்தின கல்யாணப் பத்திரிகையோ நோட்டீஸோ போர்டோ யார் வீட்டிலாவது இருந்தால், நேராக மேலிருந்து ஒரு படம், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுத்து அனுப்புங்கள். ளை-க்கு எனக்கு இன்னும் நல்ல மாதிரி கிடைக்கவில்லை.